பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள் காவல்



கிள்ளானில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பெற்ற மகள் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். அம்மா பூண்டுக் குழம்பு வைக்கிறார். "பச்சை உடம்பு, எழுந்து நடக்காதே. தண்ணீர் நிறையக் குடிக்காதே, வயிறு ஊதிப்போகும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகளுக்கு இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. "நரம்பு பிடித்துக்கொண்டது" என்று பாட்டி எண்ணெயைச் சுடவைத்து உருவிவிட உட்காருகிறார். மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய ஊசிகள் அலமாரியில் பொட்டலம் பிரிக்காமல் இருக்கின்றன. "பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஊசி?" என்பது வீட்டாரின் கேள்வி.

அந்த வீட்டில் இருக்கும் அனைவரும் அந்தப் பெண் மீது உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் அவர்கள் அன்போடு செய்யும் இந்தக் காரியங்களே அவள் உயிருக்கு உலை வைக்கக்கூடும். அதற்குக் காரணம், காலில் உருவாகும் இரத்தக் கட்டி.

இயற்கையின் ஏற்பாடு

பிரசவத்தில் அதிகம் இரத்தம் போய்விடக் கூடாது என்பதற்காக, கர்ப்ப காலத்தில் பெண்ணின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையை அடைகிறது. இது இயற்கையின் ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு.

இரத்தக் குழாய்க்குள் கட்டி உண்டாவதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. இரத்த ஓட்டம் மெதுவாவது, இரத்தம் உறையும் தன்மை கூடுவது, குழாயின் சுவரில் காயம் படுவது. 1856ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோவ் எழுதியவற்றின் அடிப்படையில் இம்மூன்றும் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. கர்ப்பிணிக்கு மூன்றும் சேர்ந்தே வருகின்றன. வளரும் கருப்பை இரத்த நாளங்களை அழுத்துகிறது. இடுப்பில் இடது கால் நாளத்தின் மேல் ஒரு தமனி குறுக்கே செல்வதால், கர்ப்பிணிகளின் கால் கட்டிகள் பெரும்பாலும் இடது காலில்தான் வருகின்றன.

சாதாரண பெண்ணைவிட கர்ப்பிணிக்கு இந்த ஆபத்து நான்கைந்து மடங்கு அதிகம். ஆயிரம் கர்ப்பிணிகளில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படிக் கட்டி வருகிறது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் காலில் உள்ள கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குச் சென்று அடைத்தால், சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். மலேசியாவில் 1991 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் சுகாதார அமைச்சு தனியே விசாரித்து வருகிறது. நுரையீரல் அடைப்பு அந்த மரணங்களின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்து வருகிறது.

"ராசியில்லாதவள்" என்ற பழி

சிலருக்குப் பிறவியிலேயே இரத்தம் எளிதில் உறையும். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் போன்ற பொருள்கள் இரத்தத்தில் குறைவாக இருப்பது பரம்பரையாக வரலாம். ஆகவே, அம்மாவுக்கோ அக்காவுக்கோ காலில் கட்டி வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

வேறு சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறாக வேலை செய்து இரத்தத்தை உறைய வைக்கிறது. இதற்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் என்று பெயர். 1983இல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் இதனை விளக்கினார். இந்நோய் உள்ளவர்களுக்கு அடுத்தடுத்துக் கரு கலைவதுண்டு.

மூன்று முறை கரு கலைந்த மருமகளை நம் சமூகம் என்ன சொல்கிறது? "ராசியில்லாதவள்", "நாக தோஷம்" என்கிறது. பரிகாரம் செய்வது அவரவர் நம்பிக்கை. ஆனால் ஒரு குப்பி இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். முதல் சோதனையில் நோயின் அடையாளம் தெரிந்தால், 12 வாரம் கழித்து மீண்டும் சோதித்து உறுதி செய்வார்கள். 1997இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், இந்நோயுள்ள 90 பெண்கள் பங்கேற்றனர். ஆஸ்பிரின் மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் 42 விழுக்காட்டினர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் அது 71 விழுக்காடு. தோஷம் என்று ஒதுக்கப்படும் பெண்களில் சிலருக்குத் தொட்டில் கட்ட மருத்துவத்தில் வழி இருக்கிறது.

ஏன் தினமும் ஊசி?

"மாத்திரை இருக்கும்போது ஊசி எதற்கு?" என்று பலர் கேட்பதுண்டு. வார்ஃபரின் மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் செல்லும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் அது சிசுவின் எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். ஹெப்பாரின் வகை ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு ஊசியையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஏற்கெனவே வார்ஃபரின் சாப்பிடும் பெண், கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான்.

ஊசியைத் தாதியிடம் கற்றுக்கொண்டு வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, கொழுப்பில் போட வேண்டும். தினமும் இடம் மாற்ற வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கன்றிப் போகும். கணவர் கற்றுக்கொண்டு போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பரவலாகப் பயன்படும் ஹெப்பாரின் வகை ஊசிகள் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. இதைக் கேள்விப்பட்டதும் சில சைவக் குடும்பங்கள் யாரிடமும் சொல்லாமல் ஊசியை நிறுத்திவிடக்கூடும். மறுப்பு இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபோண்டாபாரினக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. அது பொருந்துமா என்பதை அவர் முடிவு செய்வார்.

வலி கண்டதும் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும். முதுகில் மரப்பூசி போடுவதற்கு, தடுப்பு அளவு ஊசிக்குப் பின் 12 மணி நேரமும், சிகிச்சை அளவு ஊசிக்குப் பின் 24 மணி நேரமும் இடைவெளி தேவை. கடைசி ஊசி போட்ட நேரத்தைத் தாய்மைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.

பிறந்த பிறகுதான் பெரிய ஆபத்து

இந்த உரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். இரத்தக் கட்டியின் ஆபத்து பிரசவத்தோடு முடிவதில்லை. பிள்ளை பிறந்த பின் வரும் வாரங்களில்தான் அது உச்சத்தில் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் இன்னும் கூடும். ஆகவேதான் சிலருக்குப் 10 நாளும், முன்பே கட்டி வந்தவர்களுக்குக் குறைந்தது ஆறு வாரமும் ஊசி தரப்படுகிறது. தாய்ப்பால் கொடுப்பதற்கு இது தடையில்லை.

டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸுக்கு 2011இல் நுரையீரலில் கட்டி வந்தது. 2017 செப்டம்பரில் அவருக்கு அறுவைச் சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. அறுவைக்காக இரத்தம் உறையாமைக்கான மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. மறுநாள் மூச்சுத் திணறியது. சி.டி. ஸ்கேனும் ஹெப்பாரினும் வேண்டும் என்று அவரே தாதியிடம் கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று தாதி நினைத்தார். முதலில் காலைத்தான் ஸ்கேன் செய்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் பல சிறு கட்டிகள் தெரிந்தன. உலகம் அறிந்த பெண்ணே இவ்வளவு போராட வேண்டியிருந்தது என்றால், பாயில் படுத்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சியின் சொல்லை வீட்டார் எத்தனைக் கவனமாகக் கேட்க வேண்டும்!

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், சிவந்து சுட்டால், அதை உருவிவிடக் கூடாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை வந்தால் உடனே 999ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று கஷாயம் வைத்துக் காத்திருக்க நேரமில்லை.

பத்தியம் இருக்கட்டும்

நம் பெரியோர் பிள்ளை பெற்றவளை 40 நாள் காத்தார்கள். மலாய்க்காரர்களின் பந்தாங் 44 நாள். மருத்துவம் சொல்லும் ஆறு வாரம் 42 நாள். கணக்கில் பெரியோர் தவறவில்லை. அந்த நாள்களில் அவளுக்கு வீட்டு வேலை வேண்டாம், சூடான சாப்பாடு வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும் என்பவையெல்லாம் அப்படியே இருக்கட்டும். படுக்கையிலேயே கிடப்பதும், தாகத்தை அடக்குவதும் மட்டும் போகட்டும். தாதி சொன்ன நாளிலிருந்தே அவள் எழுந்து நடக்கட்டும். தாகம் தீரத் தண்ணீர் குடிக்கட்டும்.

வார்ஃபரின் சாப்பிடுபவருக்குப் பூண்டையும் மூலிகையையும் ஜாமுவையும் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பத் தடை மாத்திரை கேட்கும்போதும், கட்டி வந்த கதையை மறக்காமல் சொல்லுங்கள். சில மாத்திரைகள் அதைத் திரும்ப வரவழைக்கும்.

சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் பாட்டி தீட்டுக் கழிக்கும் நாளைக் குறித்து வைத்திருப்பார். அதே நாள்காட்டியில், ஊசி போட்ட ஒவ்வொரு நாளையும் அவரே ஒரு கோடு கிழித்துக் குறிக்கட்டும். கடைசிக் கோடு விழும் வரை அந்தக் காவல் அவர் கையில் இருக்கட்டும்.