சிந்திக் கிடக்கும் சக்தி

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"விஞ்ஞானத்தில் ஏதாவது பேசு; ஆனால் எல்லோருக்கும் விளங்கப் பேசு" என்று செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். முதற் பாதி எளிது, பிற்பாதிதான் கடினம். ஆகவே எல்லோர் வீட்டிலும் உள்ள ஒரு பொருளிலிருந்தே தொடங்குகிறேன். அது சுவரிலே தொங்கும் மணிக்கூடு.

எங்கள் வீட்டு மணிக்கூடு வருடத்துக்கு ஒரு பென் பற்றறியை உண்ணும். நல்ல பற்றறி ஒன்றிலே ஏறக்குறைய 3 வாற்று-மணி சக்தி அடங்கியிருக்கிறது. வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். வகுத்துப் பார்த்தால், அந்த மணிக்கூடு சராசரியாகக் கேட்பது ஒரு வாற்றின் மூவாயிரத்தில் ஒரு பங்குதான். இந்த மண்டபத்தில் எரியும் 9 வாற்று மின்குமிழ் ஒன்றின் உணவைக் கொண்டு இருபத்தாறாயிரம் மணிக்கூடுகளை ஓட்டலாம்!

இவ்வளவு அற்பமான பசிக்கு ஏன் கடையிலே போய்ப் பற்றறி வாங்க வேண்டும்? ஜன்னலால் வரும் வெளிச்சம், அடுப்பங்கரையின் சூடு, கதவு திறந்து மூடும் அசைவு, தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கும் வானொலி அலை, இவையெல்லாம் எவருக்கும் பயன்படாமல் வீணே கழிகின்றன அல்லவா? இவற்றைப் பொறுக்கியெடுத்துச் சின்னஞ்சிறு கருவிகளை இயக்குவதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஆங்கிலத்தில் இதனைச் 'சக்தி அறுவடை' என்ற பொருள்படச் சொல்லுகிறார்கள். அந்தப் பெயர் எனக்கு உடன்பாடில்லை. அறுவடை என்றால் களம் நிறைய வேண்டும். இதுவோ அறுவடை முடிந்த வயலிலே கதிர் பொறுக்குவது. நான் படித்த மிஷன் பாடசாலையில் ரூத் என்ற பெண் போவாசின் வயலிலே கதிர் பொறுக்கிய கதையைச் சிறு வயதிலேயே சொல்லித் தந்தார்கள். அவள் பொறுக்கியது இரண்டு பேருடைய பசிக்குப் போதுமாயிற்று. இருநூறு பேருக்குப் பந்தி வைக்க அவள் எண்ணவில்லை. இந்த அளவறிதல்தான் இத்துறையின் உயிர்.

சிறிய கருவிக்குச் சிறிய சக்தி போதும் என்பதை ஏட்டிலே படிக்குமுன்பே எம்மவர் கையினாலே செய்து காட்டியிருக்கிறார்கள். 1990ஆம் ஆண்டு யூனில் மீண்டும் யுத்தம் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ரோர்ச் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலே சேர்ந்தது. மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போயிற்று. அதற்காகச் சனங்கள் செய்தி கேளாமல் இருந்தார்களா? இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாலே சுற்றி, தைனமோவிலிருந்து கம்பி இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் சுற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து பீ.பீ.சி. தமிழோசையைக் கேட்டார்கள்.

சைக்கிள் தைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று அளவினது. சிறிய திரான்சிற்றர் றேடியோ அளவான சத்தத்தில் கேட்பதோ கால் வாற்றுக்கும் குறைவு. ஆகவே நிதானமாகச் சுற்றினாலே போதும். ஆவேசமாகச் சுற்றினால் வோல்ற்றளவு ஏறி றேடியோவே கருகிவிடும். தைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதற்கு நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் வேண்டும். இருவாயி என்பது மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும் ஒருவழிக் கதவு. கொள்ளளவி என்பது வருகிற மின்னைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும் சிறு குடம். இதையெல்லாம் பழைய றேடியோக்களைக் கழற்றிப் பொறுக்கிக்கொண்டார்கள். இன்று உலகத்து ஆய்வுகூடங்களிலே செய்யப்படும் சக்தி பொறுக்கும் கருவி எதனைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பது இந்த மூன்று உறுப்புகள்தாம்: சக்தியைப் பிடிப்பது ஒன்று, சீராக்குவது ஒன்று, சேர்த்து வைப்பது ஒன்று.

"கை சுற்றியதல்லவா, அது சிந்திக் கிடந்த சக்தி ஆகுமா?" என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. முற்றிலும் சிந்திக் கிடந்த சக்தியாலே ஓடிய கருவி அதற்கும் முந்தியது. அது பளிங்கு றேடியோ. கொழும்பிலே 1925 டிசெம்பர் 16ஆம் தேதி வானொலி ஒலிபரப்பு ஆரம்பமான அந்தக் காலத்தில், உலகெங்கும் ஏழை எளியவர்களின் றேடியோ அதுவாகவே இருந்தது. அதற்குப் பற்றறியுமில்லை, மின்சாரமுமில்லை. நீண்ட கம்பி ஒன்று, கம்பிச் சுருள் ஒன்று, கலீனா என்னும் ஈயத்தாதுத் துண்டு ஒன்று, காதுக் கருவி ஒன்று. ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வரும் அலையின் சக்தியே காதிலே ஒலியாக மாறும். கலீனாவை இவ்வாறு அலை உணரும் பொருளாகப் பயன்படுத்துவதற்குக் கல்கத்தா ஜகதீச சந்திர போசுக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு நானும் ஒன்று செய்தேன். இரண்டு தென்னைகளுக்கிடையே அறுபது அடி செப்புக் கம்பி கட்டினேன். அம்மம்மா அதிலே சேலை காயப்போட்டார். மூன்று இரவு காதைப் பொத்திக்கொண்டு இருந்ததில், நான்காம் இரவு ஏதோ ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை. மத்திய அலை ஒலிபரப்புகள் உலகெங்கும் குறைந்து வருங் காலத்தில் அவ்வளவு கேட்டதே பாக்கியம். ஆனாலும் பற்றறி இல்லாமல் ஒரு குரல் வந்ததே என்ற மகிழ்ச்சியில் அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

இனி எது எவ்வளவு தரும் என்ற கணக்குக்கு வருவோம். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள்.

நண்பகல் வெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1,000 வாற்றைக் கொட்டுகிறது. அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்தார் 1954 ஏப்ரலில் முதன்முதலாகக் காட்டிய சிலிக்கன் சூரியக்கலம் அதில் நூற்றுக்கு 6 பங்கை மின்னாக மாற்றியது. இப்போது கூரைகளிலே பூட்டும் நல்ல கலங்கள் 20 பங்குக்குக் குறையாமல் மாற்றுகின்றன. எனவே வெயிலில் வைத்த ஒரு சதுர சென்ரிமீற்றர் கலம் வாற்றின் ஐம்பதில் ஒரு பங்கைத் தரும். அதே கலத்தை வீட்டுக்குள்ளே மின்குமிழ் வெளிச்சத்தில் வைத்தாலோ, வாற்றைப் பத்து இலட்சம் கூறாக்கி அதில் பத்து இருபது கூறுதான் கிடைக்கும். அந்த ஒரு கூறுக்கு மைக்ரோவாற்று என்று பெயர். வெளியே குடங் குடமாக. உள்ளே துளித் துளியாக. நமது கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால் இந்த ஆயிரம் மடங்கு வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. வானொலி அலையோ இன்னும் சொற்பம். பட்டணத்துக் கோபுரங்களுக்கு அருகிலேயே ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மைக்ரோவாற்றுக்கூடத் தேறுவது அரிது. எங்கள் ஊரிலே கேட்கவே வேண்டாம்.

இந்தக் கணக்குத் தெரியாததால் எங்கள் வீட்டிலேயே நட்டம் வந்தது. கைபேசியின் முதுகிலே ஒட்டினால் காற்றிலுள்ள அலையை இழுத்துத் தானாகச் சார்ஜ் ஏறும் என்று சொல்லி, சந்தையிலே ஒருவர் விற்ற தகட்டை என் மச்சான் காசு கொடுத்து வாங்கி வந்தார். நான் வேண்டாமென்று சொன்னது காதில் ஏறவில்லை. கைபேசிப் பற்றறி ஒன்றில் ஏறக்குறைய 15 வாற்று-மணி உண்டு. தினமும் அது தீர்ந்தால் சராசரி 0.6 வாற்று. வீட்டு வெளிச்சத்திலிருந்து அதைப் பொறுக்க வேண்டுமானால் மூன்று சதுர மீற்றர் சூரியக்கலம் வேண்டும். பாய் விரித்ததுபோல இருக்கும். வானொலி அலையிலிருந்தென்றால் வளவு முழுவதும் விரித்தாலும் போதாது. இரண்டு விரலகலத் தகடு எம்மாத்திரம்? ஆனால் அதே கைபேசிக்கு, வெயிலிலே வைத்த ஒரு கொப்பியளவு கலம் ஒரு பகலில் வேண்டியதைத் தந்துவிடும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டதே, அன்று அப்படியொரு கலம் எங்களிடம் இருந்திருந்தால்! 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் இலங்கை முழுவதுமே இருண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு குரங்கு இலங்கையை எரித்த கதை பழையது. அணைத்த கதை புதியது.

அப்படியானால் துளித் துளியாகக் கிடைப்பதை வைத்து என்ன செய்யலாம்? கருவிக்கு நித்திரை கொள்ளப் பழக்கலாம்.

எங்கள் மாமாவின் வெற்றிலைத் தோட்டத்தில் இதை நான் செய்து பார்த்தேன். களுதாவளையின் மணலிலே ஊற்றிய தண்ணீர் நில்லாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணின் ஈரத்தை அளந்து வீட்டுக்கு அறிவிக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்தேன். அது விழித்திருக்கும்போது 60 மில்லிவாற்று கேட்கும். எப்போதும் விழித்திருந்தால் பற்றறி சில நாளில் தீரும். ஆனால் மண் ஒரு நிமிடத்திலா காய்கிறது? கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு விநாடி விழித்து, அளந்து, சொல்லிவிட்டு மீண்டும் படுக்கச் செய்தேன். தொள்ளாயிரம் விநாடிக்கு ஒரு விநாடி! சராசரிச் செலவு 67 மைக்ரோவாற்றாக இறங்கிற்று. நித்திரையிலே குடிப்பது இன்னுமொரு பத்து. கும்பகர்ணனுக்கு விஞ்ஞானத்திலும் ஓர் இடமுண்டு என்று அன்று கண்டேன்.

பழுதான தோட்ட விளக்கொன்றிலிருந்து கழற்றிய சூரியக்கலத்தைப் பூட்டினேன். இரண்டாம் நாளே கருவி நின்றுவிட்டது. கணக்குச் சரி, கலம் சரி, இணைப்புச் சரி. மாமாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, வெற்றிலைக்கு வெயில் ஆகாதென்றுதானே நிழல் கட்டியிருக்கிறம். அதுக்குள்ள கொண்டுபோய் வெயில் தேடுறாய்." பல்கலைக்கழகத்திலே இரண்டு வருடம் படித்தவனுக்கு அது தோன்றவில்லை! கலத்தை ஒரு தடியிலே உயர்த்திப் பந்தலுக்கு மேலே கட்டினேன். இப்போது ஓடுகிறது. ஆனால் கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரித்துவிடுகிறது. மாதம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கிறது.

பற்றறி மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பீர்கள். தீர்ந்த பற்றறியை நாங்கள் எங்கே போடுகிறோம்? வேலிக்கரையிலே எறிகிறோம், அல்லது குப்பையோடு எரிக்கிறோம். சில வகைகளிலே கட்மியமும் ஈயமும் உண்டு. எங்களுடையது மணல் நிலம். கிணற்று நீர் ஆழத்தில் இல்லை. மேலே போட்டதை மழை கீழே கொண்டுபோகும் தூரம் சில முழம். ஒரு தோட்டத்துக்கு ஒரு கருவி என்றால் பரவாயில்லை. ஊரிலுள்ள தோட்டங்களெல்லாம் நாளைக்கு இத்தகைய கருவிகளை வைக்குமானால், அத்தனைக்கும் பற்றறி மாற்றி, அத்தனையையும் இந்த மணலிலேயே எறிவோமா?

பற்றறியிலும் இந்தப் பொறுக்கல் நெடுங்காலம் நிற்கும் என்பதற்கு ஒரு சாட்சி வானத்திலே சுற்றுகிறது. 1958 மார்ச்சில் அமெரிக்கர் ஏவிய வான்கார்ட் 1 என்ற சிறு செய்மதியில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பற்றறியில் இயங்கியது அந்த வருடம் யூனிலேயே ஊமையாயிற்று. சூரியக்கலத்தில் இயங்கியது 1964வரை பேசிற்று.

அண்மையில் நடந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்லுகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2017இல் பற்றறியே இல்லாத தொலைபேசி ஒன்றைச் செய்து பேசிக் காட்டினர். அது கேட்டது 3.5 மைக்ரோவாற்று. தானாக அலையை உண்டாக்காமல், அருகிலுள்ள நிலையத்தின் அலையைக் கண்ணாடி காட்டுவதுபோலத் திருப்பி அனுப்பியதே அதன் சூட்சுமம். நிலையத்திலிருந்து ஐம்பது அடிக்குள்ளேதான் வேலை செய்தது என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அந்தக் குழுவிலிருந்த சியாம் கொல்லக்கோட்டா சென்னை ஐ.ஐ.டி.யிலே படித்தவர். மற்றது எம் நாட்டவர் பணி. இங்கிலாந்தின் சறே பல்கலைக்கழகத்தில் இலங்கையரான பேராசிரியர் ரவி சில்வாவின் குழுவில் ஆராய்ந்த இஷார தர்மசேன, துணியும் துணியும் உரசுவதால் பிறக்கும் மின்னைச் சேர்க்கும் முறையை வகுத்து வருகிறார். சீப்பாலே தலைவாரினால் கடதாசித் துண்டு ஒட்டுமே, அந்த மின்தான்.

நான் செய்த இரண்டாவது கருவியை அதோ அந்த ஜன்னலோர மேசையிலே வைத்திருக்கிறேன். விரும்புவோர் வந்து தொட்டுப் பார்க்கலாம். சாடியிலுள்ள மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினால் கால் மணித்தியாலத்துக்குள் பச்சை வெளிச்சம் ஒருமுறை மின்னும். சிறுவர்கள் கலத்தைக் கையாலே மறைக்காமலிருந்தால் நல்லது. நேற்று முழுவதும் மப்பாக இருந்தது. கொள்ளளவியிலே இருப்பது இன்றைய காலை வெயில் மட்டுமே. ஆகவே பார்க்க விரும்புவோர் பொழுது சாயுமுன் வாருங்கள்.