தண்ணீரைக் காக்கும் மலை



ஒடிசாவின் தென்மேற்கே, ராயகடா, காலாஹாண்டி ஜில்லாக்களில் நியமகிரி என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் உச்சி தட்டையானது. அங்கேதான் அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட் படிந்து கிடக்கிறது. நுண்துளைகள் நிறைந்த அந்தப் படிவம், மழைநீரை நனைந்த சாக்கைப் போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிட்டு, அடிவாரத்து ஓடைகளை வற்றாமல் காக்கிறது. பாக்சைட்டை வெட்டி எடுத்தால் போவது மண் மட்டுமன்று, தண்ணீரும் போகும்.

அங்கே வசிக்கும் டோங்கிரியா கோண்டு மக்கள் இதைப் பரம்பரையாக அறிந்தவர்கள். சரிவுகளில் அன்னாசியும் மஞ்சளும் சிறுதானியமும் பயிரிடும் அவர்கள், உச்சியை மட்டும் நியமராஜா என்ற தெய்வத்தின் வாசஸ்தலமாகப் போற்றி, அங்கே மரம் வெட்டுவதில்லை.

மாவோயிஸ்டுகளுக்கும் பாதுகாப்புப் படைக்கும் இடையே மோதல் நிகழ்ந்துவந்த பிரதேசம் அது. அப்படிப்பட்ட இடத்தில், 2013-இல், மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது பற்றிய சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பை ஒட்டி 12 கிராமங்களில் சபை கூடியபோது, ஆயுதம் தாங்கிய காவலர்கள் சூழ்ந்து நிற்க, ஆண்களும் பெண்களும் ஜில்லா நீதிபதியின் முன் எழுந்து நின்று தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றே தீர்மானித்தன. துப்பாக்கியை நம்பாமல் வாய்ச்சொல்லை நம்பிய அந்தத் தைரியத்துக்கு ஈடாக நான் வேறொன்றைச் சொல்லமாட்டேன்.

நேயர்களே, உங்கள் வீட்டில் நசுங்கிய அலுமினியப் பாத்திரம் இருந்தால் குப்பையில் எறியாதீர்கள். காயலான் கடையில் போடுங்கள். அதை உருக்கினால் மறுபடியும் அலுமினியம் கிடைக்கும். அதற்காக எந்த மலையையும் வெட்ட வேண்டியதில்லை.