பின்னலுக்கும் பேர் போட வேண்டும்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் மாதர் பிரிவு அமைப்பாளர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற சங்கம் இன்றைக்குப் பின்னலூசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறதே என்று சிலர் யோசிப்பீர்கள். இதுவும் சம்பளப் பேச்சுத்தான். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் பனி விழுந்தால் கொழுந்தே கருகிப் போகிறது. அந்தக் குளிரில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறார்கள். நம் பாட்டன் பூட்டி காலத்தில் தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள். உடம்பைப் போர்த்திய துணியே கடனாக இருந்த பரம்பரை நாம். அதனால் ஒரு சுவெட்டரை, ஒரு தொப்பியை நம் கையாலேயே பின்னிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

புது நூல் விலை கூடுதல் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் கிடக்கிற பழைய சுவெட்டரை எடுங்கள். முதலில் பக்கத் தையலைப் பாருங்கள். துணியை வெட்டி மெஷினில் ஓரம் அடித்திருந்தால் பிரிக்கக் கூடாது, நூல் துண்டு துண்டாகத்தான் வரும். ஓரத்தில் கண்ணிகள் முழுசாக இருந்தால் தையலை அவிழ்த்து, பின்னி முடித்த மேல் நுனியிலிருந்து இழுங்கள். வருகிற நூலைக் கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, கீழே சின்னப் பாரம் கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் சுருள் போய் நூல் நேராகிவிடும்.

அளவுக்கும் ஒரு வழி இருக்கிறது. முதலில் 20 கண்ணி போட்டு ஒரு சின்னத் துண்டு பின்னி, அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 20 கண்ணி 10 சென்ரிமீற்றர் வந்தால், 60 சென்ரிமீற்றர் சுற்றளவுக்கு 120 கண்ணி வேண்டும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அவர்களுக்கு அதுவே ஒரு பாடம்.

இன்னொன்று, அடுப்படியில் படுக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது. நூலில் ஒரு சிறு துண்டை வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகிய வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் அது ஆட்டு மயிர்க் கம்பளி. உருகிக் கட்டியாக இறுகினால் செயற்கை நூல். கம்பளி இலகுவில் தீப்பிடிக்காது. செயற்கை நூல் எரிந்து உருகி உடம்பில் ஒட்டும். அதில் பின்னியதைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் போகவிடாதீர்கள்.

இப்போது அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. விடிய முன்னே எழும்பிச் சமைத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, திரும்ப வந்து மறுபடி அடுப்படியில் நிற்கிறவளின் தலையில் பின்னலையும் கட்டினால் அது மூன்றாவது வேலை. பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியில் தக்கிலே என்று ஒரு தீவு இருக்கிறது. 3,800 மீற்றருக்கு மேலே, நம் மலையை விடக் கடும் குளிர். அங்கே தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. பையன்கள் சின்ன வயதிலேயே பழகுகிறார்கள். பெண்கள் நூல் நூற்கிறார்கள், நெய்கிறார்கள். அந்தக் கைவேலையை யுனெஸ்கோ 2005இல் உலக மரபாக அறிவித்தது. ஊசி பிடித்தால் ஆண்பிள்ளைக்கு மரியாதை குறையும் என்பவர்கள் அந்தத் தீவை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பின்னுகிற வரைக்கும் இது குடும்பத்துச் சந்தோஷம். லயத்துக்கு ஒருவர் வந்து, "நூல் நான் தருகிறேன், பின்னிக் கொடுங்கள், தொப்பிக்கு இவ்வளவு" என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அது வேலை. அந்த இடத்தில்தான் நாம் ஏமாறுகிறோம்.

இது பழைய கதை. 200, 250 வருஷத்துக்கு முன் இங்கிலாந்தின் வடக்கே டென்ட் பள்ளத்தாக்கில் ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும் காலுறை பின்னினார்கள். விறகும் மெழுகுதிரியும் மிச்சம் பிடிக்க, அயல் வீட்டார் எல்லோரும் இராத்திரியில் ஒரே வீட்டில் கூடிப் பின்னுவார்கள். கென்டல் பட்டணத்து வியாபாரிகளின் ஆட்கள் நூலைக் கொடுத்துவிட்டுக் காலுறையை வாங்கிப் போவார்கள். விறகும் விளக்கும் பின்னியவர்கள் செலவு, விலை வியாபாரி சொன்னது. தக்கிலே தீவிலோ பின்னியதை ஊர்க் கூட்டுறவுக் கடையில் வைத்து விற்கிறார்கள். இரண்டு ஊரிலும் குளிர் ஒன்று, ஊசி ஒன்று. விலையை யார் சொல்வது என்பதில்தான் வித்தியாசம்.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. கணக்கு இலகுவாக இருக்க அதையே எடுப்போம். எட்டு மணித்தியாலத்துக்கு 1,000 என்றால் மணித்தியாலத்துக்கு 125. ஒரு தொப்பிக்கு ஆறு மணித்தியாலம் போகிறது என்று வைத்துக்கொண்டால் கூலி மட்டும் 750 ரூபாய் வர வேண்டும். வந்தவர் 300 ரூபாய் தந்தால் மணித்தியாலத்துக்கு 50 ரூபாய்தான். இன்றைய உங்கள் சம்பளச் சீட்டை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள், இடைவெளி இன்னும் கூடும். மடுவத்தில் தண்ணிக்கு, கூடைக்கு என்று கிலோ கழித்தால் சத்தம் போடுகிறோமே, இங்கே ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம்?

வீட்டிலிருந்து கூலிக்குச் செய்வதும் தொழில்தான் என்று சர்வதேச தொழில் தாபனம் 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தில் சொல்லியிருக்கிறது. நூலும் ஊசியும் யாருடையதாக இருந்தாலும் சரி. சங்கம் சேரும் உரிமை, நியாயமான கூலி, பிரசவப் பாதுகாப்பு எல்லாம் வீட்டில் வேலை செய்கிறவருக்கும் மற்றத் தொழிலாளரைப் போலவே கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மின்சாரச் செலவைக்கூட ஈடு செய்ய வேண்டும், வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்று அதோடு வந்த பரிந்துரை சொல்கிறது. ஒரு நாடு ஏற்றுக்கொண்டால்தான் சமவாயம் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். ஆனாலும் பேரம் பேச உட்காரும்போது நம் கையில் அது ஓர் அளவுகோல்.

பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பழகலாம், தன் தொப்பியைத் தானே பின்னலாம். ஆனால் நாளைக்கு இத்தனை கொடுக்க வேண்டும் என்று படிப்பை விட்டுப் பின்ன வைத்தால் அது பிள்ளைத் தொழில். இந்த நாட்டில் வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021இலிருந்து 16.

இனி என்ன செய்வது? இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். ஊசியை எடுத்த நேரம், வைத்த நேரம், நூலின் நிறை, செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். வேலை கொண்டுவருகிறவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். ஒன்றுக்கு எவ்வளவு? எந்தத் திகதியில் காசு? பழுது என்று திருப்பினால் நட்டம் யாருக்கு? இதெல்லாவற்றையும் எழுத்தில் தருவீர்களா? தனியாகப் பதில் சொல்லாதீர்கள். "மாதர் சங்கத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். ஒரு லயம் 300க்கு ஒத்துக்கொண்டால் பக்கத்து லயத்துக்கு 250தான் கிடைக்கும். எல்லா லயமும் ஒரே விலை சொன்னால் வந்தவர் யோசிப்பார்.

பிரட்டுக்களத்தில் பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை என்பது நமக்குத் தெரியும். இராத்திரி விளக்கடியில் செய்கிற வேலைக்குப் பேர் எழுதக் கணக்கப்பிள்ளை வரமாட்டார். அதை நாமே எழுத வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பின்னியதையும் கொண்டுவாருங்கள், அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து விலையைச் சேர்ந்து தீர்மானிப்போம்.