சிறை புகுந்த கலைச்செல்வி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நடிப்புக் கலைஞர் அரசியலில் ஈடுபடுவது தமிழராகிய நமக்குப் புதிதன்று. நாடக மேடையிலே நாட்டுப்பற்றுப் பாடல்களைப் பாடி, அதற்காகவே பன்முறை சிறை சென்றவர் விசுவநாததாஸ். கே. பி. சுந்தராம்பாள் தம் இசைக்குரலைக் காங்கிரஸ் இயக்கத்திற்கு வழங்கினார். பின்னர்ச் சட்ட மேலவையிலும் அமர்ந்தார். இன்றோ, தொலைக்காட்சித் தொடர் வாயிலாக நாள்தோறும் நம் இல்லம் வரும் நடிகையர் தேர்தல் மேடையிலும் தோன்றுகின்றனர். அவர்கள் தோன்றலாமா என்று கேட்பதினும், எதனை இழக்கத் துணிந்து தோன்றுகின்றனர் என்று கேட்பதே முறையாகும். அதற்கு விடை கூறும் வாழ்வு ஒன்று, நாம் வாழும் இப்பெங்களூரிலேயே நிகழ்ந்தது.

அவர்தாம் சினேகலதா ரெட்டி. 1932-இல் பிறந்த அவர், சென்னையில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' என்னும் நாடகக் குழுவைத் தோற்றுவித்தோருள் ஒருவர். கணவர் பட்டாபிராம ரெட்டி தெலுங்குக் கவிஞர், திரைப்பட இயக்குநர். இருவரும் ராம் மனோகர் லோகியாவின் சோஷலிசக் கொள்கையில் ஈடுபாடு கொண்டவர்கள். யு. ஆர். அனந்தமூர்த்தியின் கன்னட நாவலைக் கொண்டு கணவர் இயக்கி, 1970-இல் வெளிவந்த 'சம்ஸ்காரா' படத்தில், சினேகலதா சந்திரியாக நடித்தார். இறந்தவன் ஒருவனுக்கு ஈமக்கடன் செய்வது யார் என்று அக்கிரகாரம் வாதிட்டுக் கொண்டிருக்க, அவனோடு வாழ்ந்த சந்திரியே அதற்கு வழி காண்கிறாள். பிறர் தயங்கும் கடமையைத் தான் ஏற்கும் பெண் அவள். நடித்தவரும் அத்தகையவரே.

1975 ஜூன் 25 அன்று நாட்டில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. விசாரணையின்றியே எவரையும் சிறை வைக்க 'மிசா' சட்டம் இடந்தந்தது. தலைமறைவாக இருந்து எதிர்ப்பு இயக்கம் நடத்திய ஜார்ஜ் பெர்னாண்டஸின் நண்பர் சினேகலதா. 1976 மே 2 அன்று அவர் கைது செய்யப்பட்டார். பரோடா வெடிமருந்து வழக்கில் அவரைத் தொடர்புபடுத்தினர். ஆனால், இறுதியான குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஆயினும் அவர் விடுவிக்கப்படவில்லை!

பெங்களூர் மத்திய சிறையில் எட்டு மாதங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். ஆஸ்துமா நோய் அவரை வாட்டியது. இரவின் அமைதியிலே அவருடைய அலறல் கேட்டதென்று, அதே சிறையிலிருந்த மது தண்டவதே பின்னாளில் எழுதினார். அந்நிலையிலும், உடனிருந்த ஏழைப் பெண் கைதிகள் அடிக்கப்படுவதை எதிர்த்து அவர் குரல் கொடுத்தார். அவர்களுக்குப் பாட்டும் நாடகமும் கற்பித்தார். விளக்கொளியும் கைதட்டலும் இல்லாத அவ்விடத்தேதான், அன்பர்களே, அவர் கலை தன் முழு உயரத்தை அடைந்தது.

உடல்நிலை மிகவும் சீர்கெட்ட பின்னரே, 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விடுத்தனர். ஜனவரி 18 அன்று பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஜனவரி 20 அன்று அவர் மறைந்தார். நெருக்கடி நிலை நீங்கிய மார்ச் 21-ஐக் காண அவர் இல்லை. அவருடைய சிறை நாட்குறிப்பு அவ்வாண்டே நூலாக வெளிவந்தது.

அப்பழைய சிறைதான் இன்று 'ஃப்ரீடம் பார்க்' என வழங்குகிறது. இந்நகரில் உரிமை கேட்டுக் குரல் எழுப்புவோர் கூடும் இடமும் அதுவே. தாய்மார்களே! பொழுதுபோக்க உங்கள் மக்களை அங்கே அழைத்துச் செல்லும்போது, அச்சுவர்களுக்குள் ஒரு நடிகை பட்ட துன்பத்தையும் எடுத்துரையுங்கள். புகழ் என்பது மக்கள் கலைஞரிடம் ஒப்படைத்த முதல். அதனை வாக்குகளாக மாற்றுவோர் பலர். ஆதரவற்றோரின் குரலாக மாற்றுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் ஊரில் வாழ்ந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.