ஜோ ஃபிரேசியர்: துரோகி என்று அழைக்கப்பட்டவர்



முகமது அலியைப் பற்றிப் பேசுங்கள் என்றால் இந்த அரங்கில் பாதிப் பேர் பேசுவீர்கள். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் மறுத்து, உலகப் பட்டத்தை இழந்தவர். 1980இல் சென்னைக்கே வந்து காட்சிப் போட்டி ஆடியவர். அவரை நாம் கொண்டாடுவதற்கான காரணங்கள் சரியானவை. ஆனால் இன்று நான் பேச வந்தது அவருக்கு எதிரே நின்ற ஜோ ஃபிரேசியரைப் பற்றி. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் அலியை முதன்முதலாகத் தோற்கடித்தவர். அந்த வெற்றிக்குப் பிறகும் சாகும்வரை 'வெள்ளைக்காரனின் ஆள்' என்ற பெயரைச் சுமந்தவர்.

அது எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஏனென்றால் அது நம் இயக்கங்களுக்குள்ளும் நடக்கிறது.

ஃபிரேசியர் 1944இல் தெற்கு கரோலினாவின் பியூஃபர்ட் பகுதியில், வயலில் பாடுபட்ட கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தார். சாக்குப் பையில் கந்தலையும் செங்கல்லையும் அடைத்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் குத்திப் பழகிய சிறுவன். அவர் வேலை பார்த்த பண்ணையில் வெள்ளை முதலாளி ஒரு கறுப்பினச் சிறுவனை பெல்ட்டால் அடித்தார். அதை ஃபிரேசியர் வெளியே சொன்னார். அதற்காக வேலையிலிருந்து விரட்டப்பட்டார். கொஞ்ச நாளில் ஊரையே விட்டு வடக்கே போனார். அப்போது அவருக்கு 15 வயது. பிலடெல்பியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இடது கைக் கட்டைவிரல் உடைந்த நிலையிலும் தங்கம் வென்றார்.

அலி இவரைவிட வசதியான, நகரத்துக் குடும்பத்திலிருந்து வந்தவர். நிறத்திலும் இவரைவிட வெளுத்தவர். அலியின் தொழில்முறை வாழ்க்கைக்கு முதலில் பணம் போட்டவர்கள் லூயிவில் நகரத்து வெள்ளை முதலாளிகள் 11 பேர். ஃபிரேசியருக்கும் முதலீட்டாளர்கள் இருந்தார்கள். அவர்களிலும் வெள்ளையர்களே அதிகம். அதாவது இந்த விஷயத்தில் இருவரும் ஒரே படகில்தான் இருந்தார்கள்.

அலியின் பட்டம் பறிக்கப்பட்டதும் அந்த இடத்தை நிரப்ப ஒரு போட்டித் தொடரை அறிவித்தார்கள். அதில் ஃபிரேசியர் கலந்துகொள்ளவில்லை. பின்னர் 1968இல் நியூயார்க் மாநிலம் அங்கீகரித்த பட்டத்தை வென்றார். அலி இல்லாத காலத்தில் வந்த பட்டம் என்று இன்றும் சிலர் அதைக் குறைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அலிக்கு உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர் ஃபிரேசியர். அலி கையில் பணமில்லாமல் இருந்தபோது கொடுத்து உதவியவரும் அவரே.

போட்டி உறுதியானதும் அதே ஃபிரேசியரை அலி 'அங்கிள் டாம்' என்றார். வெள்ளை எஜமானனுக்குக் கைகட்டி நிற்கும் கறுப்பர் என்று பொருள். அசிங்கமானவன் என்றார், அறிவில்லாதவன் என்றார். 1975இல் மணிலா போட்டிக்கு முன்பு 'கொரில்லா' என்றார். ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, நிருபர்கள் முன்னிலையில் அதைக் குத்திக் காட்டினார். வெள்ளைப் பத்திரிகையாளர்கள் சிரித்தார்கள். கறுப்பின மக்களை மிருகமாகச் சித்தரிக்க வெள்ளை நிறவெறி நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய சொல் அது. அதே சொல்லை ஒரு கறுப்பினப் போராளி இன்னொரு கறுப்பின உழைப்பாளியின் மகன்மீது வீசினார். ஃபிரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானார்கள்.

போட்டிக்கு டிக்கெட் விற்பதற்காகப் பேசிய பேச்சு என்று பலர் இதற்குச் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். விற்றது டிக்கெட்தான். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள்?

அண்ணல் அம்பேத்கர் சாதியை விளக்கும்போது படிநிலைச் சமத்துவமின்மை என்றார். சாதி மக்களை மேல், கீழ் என்று இரண்டாக மட்டும் பிரிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் கீழே இழிவாகப் பார்க்க இன்னொருவரை வைத்திருக்கிறது. அமெரிக்க நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனாலும் மணிலாவில் நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த விளக்கம் உதவியது. ஒடுக்குபவர் உருவாக்கிய ஏணியில் தனக்குக் கீழே நிற்பவரை, அந்த ஏணியின் மொழியிலேயே அலி அடித்தார்.

இனி ஃபிரேசியரின் வீழ்ச்சிக்கு வருகிறேன். 1973இல் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மேன் அவரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தினார். பட்டம் போனது. மணிலாவில் 14 சுற்றுகள் முடிந்தபோது கண் வீங்கி மூடிவிட்டது. இன்னும் ஒரு சுற்றுதான், விடுங்கள் என்று கெஞ்சினார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை, போட்டியை நிறுத்தினார். அந்த முடிவு ஃபிரேசியரின் உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். 1976இல் மறுபடி ஃபோர்மேனிடம் தோற்று ஓய்வு பெற்றார். தொழில்முறை வாழ்க்கையில் அவர் தோற்றது நான்கே போட்டிகள். அலியிடம் இரண்டு, ஃபோர்மேனிடம் இரண்டு.

ஐந்து ஆண்டுகள் கழித்து 37 வயதில் திரும்பி வந்தார். 1981 டிசம்பர் 3 அன்று சிகாகோவில் ஆடிய போட்டி டிராவில் முடிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார். சரியாக எட்டு நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று பஹாமாஸில் அலியும் தன் கடைசிப் போட்டியில் தோற்றார். தளர்ந்துபோன இரண்டு உடல்களையும் கடைசிவரை மேடையேற்றிக் காசு பார்த்தது ஒரே தொழில்தான்.

அதன் பிறகு இருவரின் பாதையும் பிரிந்தது. பார்க்கின்சன் நோயால் அலியின் பேச்சு குழறியது. ஒரு காலத்தில் அவருக்கு ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதித்த அரசு, 2005இல் உயரிய விருது கொடுத்தது. பேச முடியாத அலியைக் கொண்டாடுவது அவர்களுக்கு எளிது. ஃபிரேசியரோ பிலடெல்பியாவில் தன் பயிற்சிக்கூடத்தின் மாடியில் குடியிருந்து, அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். அந்த ஊரில் ஒரு குத்துச்சண்டை வீரனுக்குச் சிலை இருந்தது. அது 'ராக்கி' என்ற திரைப்படத்தின் கற்பனை நாயகனுக்கு, ஒரு வெள்ளை வீரனுக்கு வைத்த சிலை. அந்தப் படத்தில் நாயகன் இறைச்சியைக் குத்திப் பயிற்சி எடுப்பதும், அருங்காட்சியகப் படிகளில் ஓடுவதும் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை என்று ஃபிரேசியர் சொல்லிவந்தார். அவர் 2011இல் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு அந்த ஊரில் சிலை வந்தது 2015இல். அவருடைய பயிற்சிக்கூடம் இருந்த கட்டடம் மரச்சாமான் கடையாக மாறியது.

கசப்பு அவரைத் தின்றது என்பதையும் மறைக்கக் கூடாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அலி தீபம் ஏற்றினார். அவரை அந்தத் தீயில் தள்ளியிருக்க வேண்டும் என்று ஃபிரேசியர் பேசினார். அது கொடூரமான பேச்சு, நியாயப்படுத்த முடியாது. 2001இல் அலி ஒரு பத்திரிகைப் பேட்டியில் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லையே, பத்திரிகையிடம்தானே கேட்டார் என்பது ஃபிரேசியரின் வருத்தம். ஆனாலும் 2011இல் ஃபிரேசியரின் இறுதிச் சடங்குக்கு, நோயுற்ற உடலோடு அலி வந்து நின்றார்.

தோழர்களே, அலியைச் சிறுமைப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. போரை எதிர்த்த அலி என்றும் நம்மவர்தான். நம்மவர் என்பதாலேயே அவர் செய்ததிலிருந்து நாம் கற்க வேண்டும். நம்மிடையே ஒருவர் அம்பேத்கரையோ பெரியாரையோ நம்மைப் போல மேற்கோள் காட்டிப் பேசத் தெரியாதவராக இருக்கலாம். முதல் தலைமுறையாக ஒரு வேலைக்குப் போய், வாயைத் திறக்கப் பயந்து வாழ்பவராக இருக்கலாம். அவரை எவ்வளவு வேகமாக அடிமை, கைக்கூலி, துரோகி என்று எழுதிவிடுகிறோம்! சமூக ஊடகத்தில் அதற்கு ஒரு நிமிடம் போதும். அந்தப் பெயரைச் சுமக்கிறவருக்கு ஒரு வாழ்நாள் போகிறது.

விமர்சனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதி வெறியர்களோடு மேடையைப் பகிர்ந்துகொள்கிறவரைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். அவர் எடுத்த நிலைப்பாட்டைச் சொல்லிக் கேளுங்கள், அவர் செய்ததைச் சொல்லிக் கேளுங்கள். அவருடைய நிறத்தையோ, படிப்பையோ, பேச்சையோ, பிறந்த தெருவையோ தொட்டுப் பேசாதீர்கள். பண்ணை முதலாளியின் பெல்ட்டுக்கு எதிராக வாய் திறந்த ஒரு சிறுவனை, முப்பது வயதில் வெள்ளைக்காரனின் ஆள் என்று ஒரு நாடே நம்பியது. நாம் சொல்லும் ஒரு சொல்லும் அதைச் செய்யக்கூடும்.