மெய்நிகர் உலகிலும் நிலவுரிமை வேண்டும்

(கண்டியில் ஆற்றிய உரை)

 

1952-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. மகாவலிக் கரையில், மலைகளின் மடியில், கல்விக்கென்றே ஒரு நகர் எழுந்தது. அந்நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுள் அன்று எத்தனை பேருக்கு அதன் வாயில் திறந்திருந்தது? 1945-இல் வந்த இலவசக் கல்வி தோட்ட லயங்களை எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். பிறர் பயணத்தை முடித்த பின்னரே நமக்கு வண்டி வந்தது.

இன்று கல்வி உலகில் மற்றொரு வண்டி புறப்படுகின்றது. அதனை மெய்நிகர் உலகம் என்கின்றனர். கணினிக்குள் அமைந்த ஓர் ஊர் அது. மாணவன் தன் சாயலுருவை அங்கே நடமாட விடுகிறான், ஆசிரியரும் வருகிறார், தொலைவில் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுகின்றனர், செய்து பார்க்கின்றனர்.

இது விளையாட்டன்றோ எனச் சிலர் நகைக்கலாம். பொறியியல் மாணவன் அணையொன்றை அங்கே உடைத்துப் பார்க்கலாம்; ஒரு வயலும் மூழ்காது. மருத்துவ மாணவி ஒரு சிகிச்சையை நூறு முறை பழகலாம்; ஒரு நோயாளியும் துன்புறார். விவசாய மாணவன் சரிவில் வடிகான் வெட்டாவிடின் பத்தாண்டுகளில் எவ்வளவு மண் கரையும் என்பதைப் பத்து நிமிடங்களில் காணலாம். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகளைக் கண்ட கண்டி மாவட்டத்து விவசாயிக்கு இக்கல்வியின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும், அந்த உலகில் நிலம் யாருக்குச் சொந்தம்? சட்டம் பயின்றவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

2003-இல் அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் ‘செக்கண்ட் லைஃப்’ என்னும் மெய்நிகர் உலகைத் திறந்தது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதில் தீவுகளை விலைக்கு வாங்கி வகுப்பறைகளைக் கட்டின. கல்வி நிலையங்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகையும் இருந்தது. 2010-இல் அச்சலுகையை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. பலர் கட்டியதை விட்டு வெளியேறினர். 2013-இல் சலுகை மீண்டது. போனவர் பலர் மீளவில்லை.

அதே உலகில் நிலம் வாங்கிய பென்சில்வேனியா வழக்கறிஞர் ஒருவரின் கணக்கை நிறுவனம் முடக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். தன் நிபந்தனைப் பத்திரத்தின்படி நடுத்தீர்ப்புக்கே செல்லவேண்டும் என்றது நிறுவனம். அந்த நிபந்தனை ஒருதலைப்பட்சமானது, செல்லாது என 2007-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. பின்னர் வழக்கு சமரசமாக முடிந்தது. நிலம் யாருக்குரியது என்ற கேள்விக்குத் தீர்ப்புப் பிறக்கவில்லை.

பெரியோர்களே! பிறர் நிலத்தில் உழைத்து, பிறர் கூரையின்கீழ் வாழ்ந்து, உரிமைப் பத்திரமின்றி நிற்பதன் பொருளை மலையகத் தமிழனைவிட அறிந்தவர் யார்? 1948-இல் பறித்த குடியுரிமையின் எச்சத்தைத் தீர்க்க 2003-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அத்தகைய நிலையில் நம் பல்கலைக்கழகங்களை நாமே வைக்கலாமா?

வேறு வழி இருக்கின்றது. 2007-இல் தோன்றிய ‘ஓப்பன் சிமுலேட்டர்’ என்னும் திறந்த மென்பொருளைக் கொண்டு எந்தப் பல்கலைக்கழகமும் தன் சொந்தக் கணினியில் மெய்நிகர் உலகை நிறுவலாம். இந்தியாவில் டில்லி ஐ.ஐ.டி. தலைமையில், கோயம்புத்தூரின் அமிர்தா முதலியன பங்குகொண்டு, மெய்நிகர் ஆய்வுகூடங்களை எவரும் இலவசமாகப் பயிலத் திறந்துள்ளன. நமக்கும் அடித்தளம் உண்டு. 2020-இல் கொவிட் காலத்தில் வகுப்புகள் மூடியபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ண்’ வலையமைப்பே விரிவுரைகளைத் தாங்கியது. தொலைபேசி நிறுவனங்களும் மாணவருக்குத் தரவுக் கட்டணத்தை விலக்கின.

அதே காலத்தின் மறுபக்கத்தையும் மறவாதீர்கள். 2021-இல் ஊவாவின் ஒரு சிற்றூரில் மாணவர் அலைவரிசை தேடிப் பாறைமேல் ஏறினர். கைப்பேசியின் சிறு திரையில் பாடம் கேட்பதே அரிதாயின், மெய்நிகர் உலகம் அவர்களுக்கு எங்ஙனம் எட்டும்? முதலில் மெய்யான ஆய்வுகூடத்தைத் தாருங்கள் என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. மெய்நிகர் கூடத்தைக் காட்டி மெய்க்கூடத்தை மறுக்க எவரேனும் முனைந்தால் அவர்களோடு நாமும் எதிர்த்து நிற்போம்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. மெய்நிகர் உலகம் பல்கலைக்கழகங்களின் சொந்தக் கணினியில், பொதுச் சொத்தாக இருக்கவேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அதில் விளக்கம் வேண்டும். மலிவான கருவியிலும், இணைப்பு அறுந்த வேளையிலும் இயங்கும் பதிப்பு வேண்டும். பொல்கொல்லையிலுள்ள திறந்த பல்கலைக்கழக நிலையத்திலும், தோட்டப் பகுதி நூலகங்களிலும் கணினிக் கூடங்கள் வேண்டும்.

பட்டதாரிகளே, உங்கள் அறிவால் தமிழ்ப் பாடங்களை ஆக்குங்கள். விவசாயிகளே, உங்கள் மண்ணின் அனுபவத்தை அப்பாடங்களுக்கு வழங்குங்கள். நாம் கேட்பது சலுகையன்று. சலுகை கொடுத்தவன் கையாலேயே பறிபோகும். 2010 அதைக் காட்டிற்று. நாம் கேட்பது உரிமை. புதிய உலகின் எல்லைக்கல் நடப்படும் நாளிலேயே, நம் பிள்ளைகளின் பெயரும் பத்திரத்தில் பதியப்படவேண்டும்.