மாணவராய் அமர்ந்த ஆசிரியர்



யாழ்ப்பாணம் கரம்பனில் 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், உரோமையில் குருப்பட்டம் பெற்று, வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் துணைத் தலைமையாசிரியரானார். தம் தமிழ் போதாதென்று உணர்ந்தவர் வெட்கப்படவில்லை. பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். அவரே 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக உழைத்தார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது.

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்கு வந்து, நம்மோடு திருப்பலியில் நிற்கும் ஒடிசா, ஜார்க்கண்டு சகோதரர்கள் தப்பும் தவறுமாகத் தமிழ் பேசினால் நாம் சிரித்துவிடுகிறோம். மன்னிப்புக் கேட்போம். இந்த வாரம் அவர்களுக்கு ஒரு சொல் கற்றுக்கொடுப்போம். அவர்களிடம் ஒரு சொல் கற்றுக்கொள்வோம். கற்கத் தாழ்ந்தவரையே இறைவன் கற்பிக்க உயர்த்துகிறார். ஆமென்.